பேசாத பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? சிறப்பு வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

கடும் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "இவனுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கிறது?" கேட்கும்போதே குரல் இறங்கிவிடும். பின்னாலேயே மற்றவை வரும். இதற்கு நான் படித்த படிப்பு போதுமா? வலிப்பு வந்தால் என்ன செய்வேன்? அடித்தால், கடித்தால்? வருஷம் முழுக்கப் பாடுபட்டும் எதுவும் நகராவிட்டால் பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

எல்லாமே நியாயமான கவலைகள். கவலையாகவே வைத்திருந்தால் ஒன்றுக்கும் விடை கிடைக்காது. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கக்கூடிய, ஒரு தாளில் எழுதக்கூடிய சின்னக் கேள்வியாக இறக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பிள்ளையே விடை சொல்லும். பல வருஷம் இந்த வகுப்புகளில் இருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். அதை எப்படிச் செய்வது என்றுதான் கீழே எழுதுகிறேன்.

முதலில் 'கடும்' என்ற சொல்லைப் பற்றி. முன்பெல்லாம் ஐ.க்யூ. ஏறக்குறைய 20க்கும் 40க்கும் இடையில் இருந்தால் கடும் குறைபாடு என்றார்கள். 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5, அதாவது மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு, அந்த எண்ணைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அன்றாட வாழ்க்கையை ஒருவர் எவ்வளவு சமாளிக்கிறார், அதற்கு எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்பதை வைத்தே தீவிரத்தைக் கணிக்கிறது. வகுப்பறைக்கு உதவுவதும் அதுதான். கோப்பில் இருக்கும் எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நாளைக் காலை அந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதை அந்த எண் சொல்லாது.

'இவனுக்கெல்லாம் படிப்பு ஏறுமா' என்ற சந்தேகம் உங்களுக்குள் எழுந்தால், அது உங்கள் மனக்கோணல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அரசுகளே அப்படித்தான் நினைத்தன. இங்கிலாந்தில் 1971 ஏப்ரல் வரை இந்தப் பிள்ளைகள் கல்வித் துறையின் பொறுப்பிலேயே இல்லை. கற்பிக்க இயலாதவர்கள் என்று ஒதுக்கிச் சுகாதாரத் துறையிடம் விட்டிருந்தார்கள். அமெரிக்காவில் எல்லாக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் பொதுக்கல்வி உரிமை என்று சட்டம் வந்தது 1975இல். பள்ளிக்கதவு அவர்களுக்குத் திறந்தே அரை நூற்றாண்டுதான் ஆகிறது.

முதல் இரண்டு வாரம் பாடம் வேண்டாம்

வந்தவுடன் எதையாவது கற்பித்துக் காட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். மேலிருப்பவர்கள் பாடத்திட்டம் எங்கே என்று கேட்டால், அதன் முதல் பகுதி இதுதான் என்று காட்டுங்கள்.

எழுதுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. "இன்று உற்சாகமாக இருந்தாள்" என்று எழுதினால் பத்து நாள் கழித்துப் படிக்கும்போது அதில் ஒன்றும் இருக்காது. "கதவு திறந்த சத்தம் கேட்டதும் கையாட்டுவதை நிறுத்தினாள், நாலைந்து நொடி கழித்துக் கண் கதவுப் பக்கம் திரும்பியது" என்று எழுதினால் அதில் செவி இருக்கிறது, கவனம் இருக்கிறது, பதில் வர எடுக்கும் நேரமும் இருக்கிறது.

அந்த நேரத்தைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் தகும். நாம் ஒரு கேள்வி கேட்டு இரண்டு நொடி பொறுப்போம், பதில் இல்லையென்றால் திரும்பக் கேட்போம், அல்லது நாமே கையைப் பிடித்துச் செய்துவிடுவோம். பிள்ளையின் மூளை முதல் கேள்வியை வாங்கி, உடம்புக்குக் கட்டளை அனுப்பும் வழியில் இருக்கும். நாம் இரண்டாம் முறை பேசியதும் எல்லாம் கலைந்துபோகும். என்னிடம் ரெட் சின்ட்ரோம் என்ற அரிய மரபணு நோய் உள்ள ஒரு மாணவி இருந்தாள். கைகளை ஓயாமல் பிசைந்துகொண்டே இருப்பாள். அது அந்த நோயின் அடையாளம். எதற்கும் பதில் தராத பிள்ளை என்று கோப்பில் எழுதியிருந்தது. இரண்டு படங்களை அவள் முகத்துக்கு நேரே தள்ளித்தள்ளி வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மனதுக்குள் இருபதுவரை எண்ணினோம். கண் ஒரு படத்தில் போய் நின்றது. அடுத்தடுத்த நாட்களில் படங்களை இடம் மாற்றி வைத்தாலும் அதே படத்தைத்தான் தேடிப் போனது. பதில் எப்போதும் இருந்திருக்கிறது. அது வந்து சேரும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

எனவே ஒரு வேலை: உங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதிலிருந்து ஏதாவது ஒரு மாற்றம் தெரியும்வரை எத்தனை நொடி என்று எழுதி வையுங்கள். மாற்றம் என்றால் திரும்பிப் பார்ப்பது மட்டும் இல்லை. மூச்சு மாறலாம், விரல் நிற்கலாம், சத்தம் அடங்கலாம். வகுப்பில் யார் அவனோடு பேசினாலும் அத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். இடுப்பு முன்னால் சரிந்து, கால் அந்தரத்தில் தொங்கினால், தலையை நிமிர்த்தி வைப்பதற்கே அவன் சக்தி எல்லாம் போய்விடும். கற்க ஒன்றும் மிஞ்சாது. பாதத்துக்கு அடியில் ஒரு பலகை வைத்ததிலேயே கை வேலை செய்யத் தொடங்கிய பிள்ளைகள் உண்டு. இயன்முறை மருத்துவர் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள். நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் அவனுக்கு வெறும் நிழலாகத்தான் தெரியும்.

கண்ணும் காதும் பரிசோதித்திருக்கிறார்களா என்று கோப்பில் தேடுங்கள். இல்லையென்றால் விடாதீர்கள். பேசாத பிள்ளைக்குப் பரிசோதனை செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தைப் படிக்கச் சொல்லாமலே, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி எவ்வளவு பவர் வேண்டும் என்று கணிக்கலாம். தூங்கும்போதே செவிநரம்பின் எதிர்வினையைப் பதிவு செய்யலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் காது மந்தம் மிகச் சாதாரணம். சொன்னதைக் கேட்பதில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம், உண்மையிலேயே கேட்டிருக்காது.

பெற்றோரிடம் "இவன் என்னென்ன செய்வான்?" என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்வியை ஆயிரம் முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் "இல்லை", "தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அவர்கள் களைத்திருப்பார்கள். தாகம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், வலி என்றால் எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தம் பிடிக்காது, அழுதால் எது அடக்கும், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று கேளுங்கள். அம்மா அரை மணி நேரம் பேசுவார். அதை ஒரு பக்கத்தில் எழுதி, "இப்படிச் செய்தால் இது பொருள், நாம் செய்ய வேண்டியது இது" என்று மூன்று கட்டமாகப் போட்டால், வகுப்புக்குப் புதிதாக வரும் எவருக்கும் அதுவே அகராதி.

எதைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லூ பிரவுனும் அவரோடு இருந்தவர்களும் 1970களில் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். இந்தப் பிள்ளை பெரியவனான பிறகு வாழப்போகும் இடங்களில், தன்னால் இயன்றவரை சுயமாக வாழ எது தேவையோ அதை இன்று கற்பிக்கிறோமா? அதோடு சேர்ந்த இன்னொரு சோதனை: இதை அவன் கற்காவிட்டால், அவனுக்காக வேறு யாராவது அதைச் செய்ய வேண்டியிருக்குமா? கால்சட்டையை ஏற்றிக்கொள்ளாவிட்டால் ஆயுள் முழுக்க இன்னொருவர் ஏற்றிவிட வேண்டும். வண்ண வளையங்களைக் கம்பியில் கோக்காவிட்டால் யாரும் அவனுக்காகக் கோத்துத்தரப் போவதில்லை.

இந்தச் சோதனையை வைத்து உங்கள் வகுப்பு அலமாரியைப் பாருங்கள். பதினைந்து வயதுப் பையன் கையில் மூன்று வயதுக் குழந்தையின் கிலுகிலுப்பை இருந்தால் மாற்றுங்கள். "மனவயது மூன்றுதானே" என்பார்கள். அவன் உடம்புக்கும் அனுபவத்துக்கும் பதினைந்து வயது. சத்தம் பிடிக்கும் என்றால் பாட்டுப் பெட்டியின் பொத்தானைக் கொடுங்கள்; உருட்டப் பிடிக்கும் என்றால் துணி உலர்த்தும் கூடையைத் தள்ளச் சொல்லுங்கள்.

அப்படியானால் எழுத்து, எண், கதை எல்லாம் வேண்டாமா? இங்கேதான் நல்ல ஆசிரியர்களே இரண்டாகப் பிரிகிறார்கள். சுயபராமரிப்பு மட்டும் போதும் என்ற கட்சியில் நான் இல்லை. ஆன் டொனெல்லன் என்ற கல்வியாளர் 1984இல் எழுதியதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்: உறுதியான தகவல் இல்லாதபோது, தவறாகிப் போனாலும் பிள்ளைக்கு மிகக் குறைந்த தீங்கு தரும் அனுமானத்தையே நாம் எடுக்க வேண்டும். இவனுக்குப் புரியும் என்று நினைத்து ஒரு வருஷம் கதை படித்துக் காட்டினேன், புரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவன் இழந்தது சொற்பம். புரியாது என்று முடிவு கட்டிவிட்டு, அவன் எல்லாம் புரிந்துகொண்டே அத்தனை வருஷமும் உட்கார்ந்திருந்தால்? அந்த இழப்பை ஈடு செய்யவே முடியாது. ஆகவே தினம் ஒரு முறையாவது அவன் வயதுக்கு ஏற்ற கதையைப் பொருள்களைக் காட்டிப் படியுங்கள். மழை வரும் இடத்தில் கையில் தண்ணீர் தெளியுங்கள். அதே கதையை இரண்டு மூன்று வாரம் திரும்பத் திரும்பப் படியுங்கள். தண்ணீர் வரும் வரிக்கு முன்பே கை நீளும் நாள் வரும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பருவத்தில் மூன்று நான்கு இலக்குகளுக்கு மேல் வேண்டாம். தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது அந்தப் பிள்ளைக்கென்று தனியாக எழுதும் திட்டத்தில், இருபது இலக்குகள் எழுதப்பட்டிருந்தால், அதில் எதையும் யாரும் தினமும் கற்பிக்கவில்லை என்றே பொருள்.

ஒன்றைக் கற்பிக்கும் முறை

கால்சட்டையை ஏற்றிக்கொள்வதையே எடுத்துக்கொள்வோம். கழிப்பறைக்குப் போய் வந்தபின் செய்ய வேண்டியது. இதை 'பயிற்சி நேரம்' என்று ஒதுக்கி மேசையருகே செய்யாதீர்கள். அவன் உண்மையில் கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், அங்கேயே, கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். மறைவாகச் செய்ய வேண்டியது இது என்பதும் பாடத்தின் பாதி.

முதலில் நீங்கள் ஒரு முறை மெதுவாகச் செய்து பார்த்து, படிகளை எழுதுங்கள். குனிந்து இடுப்புப்பட்டையைப் பிடிப்பது. இரண்டு பக்கமும் கட்டைவிரலை உள்ளே விடுவது. முழங்கால்வரை இழுப்பது. தொடைவரை இழுப்பது. கையைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பிட்டத்தைத் தாண்டி ஏற்றுவது. இடுப்பில் சரிசெய்வது. இதில் ஐந்தாவதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். முன்பக்கம் ஏறிவிடும், பின்பக்கம் நிற்கும். அதைத் தனிப் படியாக எழுதாவிட்டால், "பாதி செய்கிறான்" என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கற்பிப்பதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். முதல் ஐந்தையும் நீங்கள் செய்துவிட்டு, இடுப்பில் சரிசெய்யும் கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுங்கள். முடித்தது அவன். வெளியே போவதும் கை கழுவுவதும் அவனுக்குப் பிடித்த அடுத்த காரியமும் உடனே வரும். அது உறுதியானதும் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. முன்னாலிருந்து தொடங்கினால், அவன் கட்டைவிரலை விட்டதற்கு எந்தப் பலனும் அவன் கண்ணுக்குத் தெரியாது.

அவனுக்கு எதிரே நிற்காதீர்கள், பின்னால் நில்லுங்கள். எதிரே நின்றால் அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான், வேலையைப் பார்க்க மாட்டான். பின்னால் நின்றால் உங்கள் கை போகும் திசையும் அவன் கை போகும் திசையும் ஒன்றாக இருக்கும். கற்கும் காலத்தில் ஒரு அளவு பெரிய, தளர்ந்த எலாஸ்டிக் உள்ள கால்சட்டை போடச் சொல்லி வீட்டில் கேளுங்கள்.

உதவியைக் குறைப்பதுதான் இந்த வேலையின் நுட்பம். அவன் கைமேல் உங்கள் கை என்று தொடங்கினால், சில நாளில் மணிக்கட்டுக்கு வாருங்கள், பிறகு முழங்கைக்கு, பிறகு தோளில் ஒரு தொடுகை. கையைப் பிடித்தால் இழுத்துக்கொள்ளும் பிள்ளையென்றால், உங்கள் கையை அவன் கைக்கு அடியில் வைத்து, விரும்பினால் விலக்கிக்கொள்ளும்படி விடுங்கள். வாயால் சொல்லும் உதவியைக் கூடுமானவரை தவிருங்கள். 'இழு, இழு, இன்னும் இழு' என்று தினமும் சொல்லிக்கொடுத்த பிள்ளை, நீங்கள் 'இழு' என்று சொல்லும்வரை காத்திருக்கத்தான் கற்பான். தொடுகையைக் குறைப்பதைவிடப் பேச்சைக் குறைப்பது கடினம்.

இன்னொரு முறையும் உண்டு. ஆராய்ச்சிகளில் நன்றாக நிலைபெற்றது. முதல் சில நாள் உதவியை உடனுக்குடன் கொடுப்பது. பிறகு ஒவ்வொரு படிக்கும் ஐந்து நொடி காத்திருந்து, அவனாகச் செய்யாவிட்டால் மட்டும் கொடுப்பது. மெதுவாகப் பதில் தரும் பிள்ளைக்கு ஐந்தைப் பத்தாக்குங்கள்.

மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில், குறைபாடுள்ளவர்களுக்கென்றே நடத்தப்பட்ட பணிமனைகளில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்பித்தார். பாகங்களில் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் தீட்டிக் கொடுத்தபோது கற்றல் வெகு வேகமாக நடந்தது. இதிலிருந்து நாம் எடுக்க வேண்டியது: தவறு நடக்கும் இடத்தில் பிள்ளையைத் திருத்துவதற்கு முன் பொருளைத் திருத்துங்கள். கால்சட்டையின் இடுப்புப்பட்டையில், கட்டைவிரல் போக வேண்டிய இரு இடங்களிலும் அடர்ந்த நிற நூலால் தடித்த தையல் போட்டுவிடுங்கள். கண் தேடும், பார்வை மங்கலான பிள்ளைக்கு விரலாவது தேடும்.

பள்ளியில் கற்றது வீட்டில் வரவில்லை என்ற புகார் நிச்சயம் வரும். டிரெவர் ஸ்டோக்ஸும் டொனால்ட் பேயரும் 1977இல் இதைத்தான் எழுதினார்கள்: கற்றது தானாக இன்னோர் இடத்துக்குப் போய்ச்சேரும் என்று நம்பியிருக்கக் கூடாது, அதையும் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டும். ஆகவே முதல் மாதத்திலேயே இன்னோர் ஆசிரியர், இன்னொரு கழிப்பறை, இன்னொரு கால்சட்டை என்று மாற்றுங்கள். படிகளின் தாளில் ஒன்று வீட்டுக்குப் போகட்டும். கடைசிப் படியை மட்டும் அவனிடம் விடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னால் போதும்; காலை அவசரத்தில் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

பேச்சு வராத பிள்ளைக்கு ஒரு வழி

பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம். காட்டிக் கேட்கப் படத்தையோ, அழுத்தினால் பேசும் பொத்தானையோ கொடுத்தால் பேசாமலே இருந்துவிடுவான் என்று பெற்றோர் பயப்படுவார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு சற்றுக் கூடியும் இருக்கிறது. இதைப் பெற்றோரிடம் பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

படத்தைப் படமாகவே பார்க்கத் தெரியாத பிள்ளைக்குப் பொருளில் தொடங்குங்கள். சாப்பாட்டுக்கு முன் எப்போதும் அதே கரண்டி, கழிப்பறைக்கு முன் எப்போதும் அதே துவாலைத் துண்டு அவன் கையில். கண்ணும் காதும் இல்லாத பிள்ளைகளுக்காக நெதர்லாந்தில் யான் வான் டைக் வளர்த்த வழி இது. மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தம்தான், மாற்றக் கூடாது. படம் புரியும் பிள்ளைக்குப் படப் பரிமாற்ற முறை இருக்கிறது. ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் 1985இல் உருவாக்கியது. இதில் தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே பிள்ளைக்கு விருப்பமான பொருளோடு, இன்னொருவர் பின்னால் வாய் திறக்காமல் கையை மட்டும் நடத்திக்கொண்டு. தனியாள் செய்தால், ஆசிரியர் கேட்டால்தான் படம் எடுப்பது என்று பழகிவிடும். அவனாக வந்து கேட்பதுதான் வேண்டியது.

எந்த முறையானாலும் முதல் சொற்களில் 'போதும்', 'வேண்டாம்' இருக்கட்டும். 'வேண்டும்' என்பதை எல்லோரும் கற்றுத்தருகிறார்கள். மறுக்க வழியில்லாத பிள்ளைக்குக் கைதான் வழி, பல்தான் வழி.

பொருளும் படமும் எட்டாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களோடு தரையில் உட்காருங்கள். அவன் எழுப்பும் சத்தத்தை நீங்களும் எழுப்புங்கள், அவன் நிறுத்தினால் நிறுத்துங்கள். இங்கிலாந்தில் ஹார்பர்பரி மருத்துவமனைப் பள்ளியில் டேவ் ஹியூவெட், மெலனி நிண்ட் போன்றவர்கள் 1980களில் வளர்த்தெடுத்த முறை. பார்ப்பவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும். நான் சத்தம் போட்டால் எதிரே இருப்பவர் பதில் தருகிறார் என்ற உரையாடலின் அடித்தளத்தை ஒரு பிள்ளை பெறும் இடம் அது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தாலும் எழுந்துவிடாதீர்கள்.

அடிக்கிறான், கடிக்கிறான், தலையை மோதுகிறான்

புதிய நடத்தை, அல்லது திடீரென்று கூடிய நடத்தை என்றால் முதல் சந்தேகம் வலியின் மேல் இருக்கட்டும். பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாதவிடாய். தாடையில் தானே குத்திக்கொள்ளும் ஒரு பையனை "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று எல்லோரும் சொல்லிப் பழகியிருந்தார்கள். கடைவாய்ப்பல் சொத்தையாகி உள்ளே சீழ் கட்டியிருந்தது. எதையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவது மருத்துவர்களிடமும் உண்டு. ஆகவே எழுத்தில் கொண்டுபோங்கள்: எந்தக் கை, எந்தப் பக்கம், எந்த நேரம், சாப்பிட்டதற்கு முன்பா பின்பா.

வலி இல்லை என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு முறையும் மூன்று வரி எழுதுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். வேலையிலிருந்து தப்பிக்க, யாராவது திரும்பிப் பார்க்க, ஒரு பொருளைப் பெற, அல்லது அந்த உணர்வே பிடித்திருப்பதால். எட்வர்ட் காரும் மார்க் டூராண்டும் 1985இல் காட்டியது, நடத்தை எதைச் சொல்லுகிறதோ அதையே சொல்ல வேறு வழி கற்றுத்தந்தால் நடத்தை குறைகிறது என்பது. புதிய வழி அடிப்பதைவிடச் சுலபமாகவும் வேகமாகவும் பலன் தர வேண்டும். 'போதும்' அட்டையை நீட்டினால் அந்த நொடியே வேலை நிற்க வேண்டும். "இன்னும் ஒன்று முடி" என்றீர்களானால், அட்டை பயனில்லை, கைதான் பயன் என்று அன்றைக்கே கற்றுக்கொள்வான். காத்திருப்பதை வெகு பின்னால் கற்பிக்கலாம்.

குப்புறப் படுக்க வைத்து அழுத்திப் பிடிப்பது, மார்பின் மேல் எடை வைப்பது கூடவே கூடாது. மூச்சு நின்று உயிர் போயிருக்கிறது. உங்களுக்கு அடிபட்டால் எழுதிக் கொடுங்கள். "இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்" என்று விழுங்கும் ஆசிரியர்தான் இரண்டாம் வருஷம் வேலையை விட்டுப் போகிறார். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் அந்த எழுதாத தாளோடு போய்விடுகிறது.

வலிப்பு, விழுங்குதல்

இந்தப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்காவது வலிப்பு இருக்கும் என்று எண்ணித் தயாராக இருங்கள். வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், இடிபடும் பொருளை நகர்த்துங்கள், உதறல் தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று தெளியும் முன் அடுத்தது வந்தாலோ, மூச்சு சரியாகாவிட்டாலோ ஆம்புலன்ஸ். மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர மருந்து இருந்தால் அதை யார், எப்போது, எப்படிக் கொடுப்பது என்று கையெழுத்தோடு சுவரில் இருக்க வேண்டும். வலிப்பே வராத ஒரு நாளில், வகுப்பில் இருக்கும் எல்லோரும் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். பயம் பாதி அதிலேயே குறையும். சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுபோவதும் வலிப்பாக இருக்கலாம். கவனமில்லை என்று திட்டுவதற்கு முன் எழுதி வையுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நிமிர்ந்த இருக்கை, அவன் கண்மட்டத்தில் நீங்கள், முந்தின வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. இருமல், கண்ணில் நீர், தொண்டையில் ஈரச் சத்தம், அடிக்கடி நெஞ்சுச் சளி இருந்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறது என்று சந்தேகப்பட்டு, விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

முன்னேற்றம் தெரியவில்லையே

தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அளவுகோல் பெரிதாக இருக்கிறது. 'செய்கிறான் / செய்யவில்லை' என்று இரண்டே கட்டம் வைத்தால் வருஷக்கணக்கில் 'செய்யவில்லை'தான் நிரம்பும். ஒவ்வொரு படிக்கும் எதிரே எந்த அளவு உதவி என்று எழுதுங்கள்: முழுக் கை, மணிக்கட்டு, முழங்கை, தொடுகை, தானாக. ஆறு படிகள், ஐந்து நிலைகள். முழுக் கையிலிருந்து முழங்கைக்கு வந்தது முன்னேற்றம்; அதை அந்தத் தாள் காட்டும், ஞாபகம் காட்டாது.

பாடம் சார்ந்த கற்றலுக்கு இன்னும் வராத பிள்ளைகளுக்கு, இங்கிலாந்துப் பள்ளிகளில் 2021 முதல் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: புதியதை ஆராய்கிறானா, தன் செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு கண்டுகொள்கிறானா, அடுத்து வருவதை எதிர்பார்க்கிறானா, விடாமல் முயல்கிறானா, தானாகத் தொடங்குகிறானா. எங்கே இருந்தாலும் இந்த ஐந்தும் நல்ல கேள்விகள். பெற்றோர் அனுமதியோடு மாதம் ஒரு முறை, அதே வேலையை, அதே இடத்திலிருந்து ஒரு நிமிடம் படம் பிடித்து வையுங்கள்.

கற்றதை இழப்பதும் நடக்கும். வலிப்பு கூடிய பிறகு, மருந்து மாறிய பிறகு, நீண்ட விடுமுறைக்குப் பிறகு. தாளில் தேதி இருந்தால் காரணம் கிடைக்கும், மருத்துவரிடம் காட்டவும் கையில் ஒன்று இருக்கும்.

"ஏதாவது முன்னேற்றம் இருக்கா?" என்று பெற்றோர் கேட்கும்போது "நல்லா இருக்கான்" என்று சொல்லிக் கடக்காதீர்கள். "போன மாதம் கையைப் பிடித்துச் செய்தோம், இப்போது முழங்கையைத் தொட்டால் போதும்" என்று சொல்லுங்கள். "இவன் பேசுவானா? நடப்பானா?" என்று கேட்டால் ஆரூடம் சொல்ல வேண்டாம். இப்போது எதை நோக்கிப் போகிறோம், அடுத்த மூன்று மாதத்தில் எதைப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். அவர்கள் அழுதால் உட்கார்ந்திருங்கள். வேகமாக ஆறுதல் சொல்லி எழுப்பிவிடாதீர்கள்.

ஆள் போதாத வகுப்பு

எட்டுப் பிள்ளைக்கு இரண்டு பேர் என்றால் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் கற்பிக்க முடியாது. ஒருவர் ஒரு பிள்ளையோடு பத்து நிமிடம் ஆழமாக. மற்றவர் எஞ்சியவர்களோடு இசை, கதை, சிற்றுணவு என்று கூட்டமாக. யார் எந்தப் பத்து நிமிடம் என்பது காலையிலேயே பலகையில் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போய்வருவதும் சாப்பிடுவதும் செருப்பு மாட்டுவதும் கற்பிக்கும் நேரம்தான். அவற்றை 'பராமரிப்பு' என்று பிரித்துவிட்டால் நாளில் பாதி வீணாகும். பெரிய பிள்ளையைத் தனியாகத் தூக்காதீர்கள், ஒரு நாள்கூட. உங்கள் முதுகு போனால் அந்த வகுப்புக்கு ஆசிரியரே இல்லை.

வருஷக் கடைசியில் பிள்ளையை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போது, மதிப்பீட்டு அறிக்கையின் மேல் ஒரு பக்கம் வையுங்கள். கூப்பிட்டால் பதில் வர எத்தனை நொடி. 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வான். வலி என்றால் முகம் எப்படி மாறும். எந்த இருக்கை, எந்தப் பக்கம் வெளிச்சம். கற்றுக்கொண்டிருக்கும் வேலையின் படிகளும், ஒவ்வொன்றிலும் இன்றைய தேதியில் எந்த அளவு உதவி என்பதும். அதைக் கையில் கொடுத்து, ஒரு காலை முழுக்க அவர் பக்கத்தில் நின்று, கழிப்பறையில் அவனுக்குப் பின்னால் எங்கே நிற்பது என்பதையும் காட்டிவிட்டு வாருங்கள்.